லிஃப்ட் போட்ட ஜீப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸ் ஸ்க்ரூவைத் தொடும் முன்

லிஃப்ட் போட்டு (சஸ்பென்ஷனை உயர்த்தி), பெரிய டயர் மாட்டிய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் ஸ்டீயரிங் லூசாக ஆடினால், இங்கே மதுரையில் பலரும் முதலில் கை வைப்பது ஸ்டீயரிங் பாக்ஸில் உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். தேய்ந்த ஜாயிண்ட்டை அது சரி பண்ணாது. அதிகம் இறுக்கினால் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும்; திருப்பியபின் தானாக நேராகாது.

டயர் நான்கும் தரையில் இருக்கட்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்ட, நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையின் அசைவை வீல் பக்கம் கொண்டுபோகும் ராடு), டை ராடு எண்ட் (இரு முன் வீல்களை இணைக்கும் ராடின் முனை ஜாயிண்ட்) என்று வரிசையாக. கண்ணுக்குத் தெரியாத ‘டொக்’ கைக்குத் தெரியும். அழகர்மலைப் பக்கம் செம்மண்ணில் ஓடும் வண்டியா? ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) பாருங்கள். கிழிந்திருந்தால் கிரீஸில் மண் கலந்து ஜாயிண்ட்டுக்குள் இருக்கும் உருண்டையை அரைத்திருக்கும். பாக்ஸை சேசிஸில் பிடிக்கும் போல்ட்டையும், அந்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய டயரின் உதையெல்லாம் அங்கேதான் போய் விழுகிறது.

தேய்ந்த டை ராடு எண்டை மாற்றுவதென்றால், கழற்றும் முன் வெளியே தெரியும் மரையை எண்ணிக்கொள்ளுங்கள். புதியதை மாட்டி நட்டை முறுக்கும்போது ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் பின்) ஓட்டை பொருந்தவில்லையா, நட்டின் அடுத்த வெட்டு வரை இறுக்குங்கள், தளர்த்தவே கூடாது. பழைய பின்னை மறுபடி போடாதீர்கள், சில ரூபாய்தான்.

அப்புறம் ஜாக்கியில் தூக்கி வீல் பேரிங், கிங் பின் (முன் வீல் திரும்பும் அச்சு) இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக டோ-இன் (முன் டயர்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) பார்த்துவிட்டு ரோட்டில் இறக்குங்கள்.