தாமதமுள்ள நேரியலற்ற வேறுபாட்டுச் சமன்பாடு: சமநிலை நிலைக்குமா என்று சோதிப்பது எப்படி?

ஒரு வரிசையின் அடுத்த மதிப்பை இருக்கும் மதிப்புகளிலிருந்து படிப்படியாகக் கணக்கிடும் விதியே வேறுபாட்டுச் சமன்பாடு. அடுத்த மதிப்பைத் தீர்மானிப்பதில் பழைய மதிப்பொன்றும் பங்கேற்றால், அதைத் தாமதமுள்ளது என்கிறோம். ‘அடுத்தது = க × இப்போதையது × (1 − முந்தையது)’ என்னும் தாமத லாஜிஸ்டிக் சமன்பாட்டைக் கொண்டு (க ஒரு மாறிலி) சோதனை முறையைப் பார்க்கலாம்.

முதலில், மூன்று மதிப்புகளையும் சமமாக வைத்துச் சமநிலைப் புள்ளியை, அதாவது வரிசை மாறாமல் நிற்கும் மதிப்பை, காண வேண்டும். சுழியை ஒதுக்கினால் 1 − 1/க கிடைக்கும். அடுத்து, வலப்பக்கத்தை ஒவ்வொரு மாறியைப் பொறுத்தும் பகுதி வகையிட்டு, அந்தப் புள்ளியில் மதிப்பிட வேண்டும். இங்கே இப்போதைய மதிப்பின் கெழு 1, முந்தைய மதிப்பின் கெழு −(க − 1); எனவே, சிறு விலகல் ஒரு படிக்கு ம மடங்காகிறது என்று வைத்தால் கிடைக்கும் சிறப்பியல்புச் சமன்பாடு ம² − ம + (க − 1) = 0 ஆகும். இரு மூலங்களின் மட்டு மதிப்பும் (சிக்கலெண் எனில், சுழியிலிருந்து அதன் தொலைவு) 1-ஐ விடக் குறைந்தால், சமநிலைக்கு மிக அருகே தொடங்கும் தீர்வுகள் அதிலேயே ஒடுங்கும். மூலங்களைக் கண்டறியாமலேயே இதைச் சரிபார்க்கலாம்: ம² − அ × ம − ஆ = 0 என்ற வடிவில் (அ, ஆ முறையே இப்போதைய, முந்தைய மதிப்புகளின் கெழுக்கள்) |அ| < 1 − ஆ < 2 என்பதே தேவையான, போதுமான நிபந்தனை. நம் சமன்பாட்டில் அது 1 < க < 2 என்றாகிறது.

தாமதமே இல்லையென்றால் மேல் எல்லை 3 ஆக இருந்திருக்கும். ‘முந்தையது’ இருக்கும் இடத்தில் ‘த’ படிகளுக்கு முந்தைய மதிப்பை வைத்தால், சூழலியலாளர்கள் சைமன் லெவினும் ராபர்ட் மேயும் 1976-இல் தந்த நிபந்தனைப்படி எல்லை 1 + 2 கொசைன்(180° × த/(2த + 1)) ஆகும்; த = 2 எனில் ஏறத்தாழ 1.618, த = 3 எனில் 1.445.

கணினியில் சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். க = 1.9 எனில் மூலங்களின் மட்டு மதிப்பு 0.949 தான், சுமார் 6 படிகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் விலகல், 20 படிகளுக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும், நூறில் ஒரு பங்காகக் குறைய 88 படிகள் ஆகும். க = 1.99 எனில் 900 படிகளுக்கு மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2-ஐச் சற்றே தாண்டியதும் சமநிலை நிலைப்பை இழக்கிறது. அருகிலுள்ள தீர்வுகள் அதைச் சூழ்ந்த மூடிய வளைவொன்றை நெருங்கிச் சுற்றுகின்றன.

இந்தச் சோதனை சமநிலையின் அண்டைப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. அதே க = 1.9-இல் 0.1, 0.9 என்று தொடங்கினால் 1.539, 0.292, −0.299, −0.403, −0.994 என வரிசை கீழே பாய்ந்து, திரும்புவதே இல்லை. ஆகவே தொடக்க மதிப்புகளைப் பரவலாக மாற்றி ஓட்டிப் பார்ப்பதும், தீர்வுகள் எந்த இடைவெளிக்குள் அடங்கும் என்று நிறுவ முயல்வதும் கட்டாயம்.

மட்டு மதிப்பு சரியாக 1 என்று வந்தால் நேரியல் சோதனை எதையும் சொல்லாது. ‘அடுத்தது = (1 + இப்போதையது) ÷ முந்தையது’ என்ற லைனஸ் சமன்பாட்டின் நேர்மச் சமநிலையில் அப்படித்தான் வருகிறது. அங்கே 1, 1 என்று தொடங்கி எழுதிப் பாருங்கள்: 2, 3, 2, மீண்டும் 1, 1. எந்த நேர்ம எண்களில் தொடங்கினாலும் 5 படிகளில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். சமநிலையில் ஒடுங்குவதும் இல்லை, விலகி ஓடுவதும் இல்லை.