நம் குடியிருப்பை நாமே நடத்துவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

குடியிருப்புப் பகுதியை மேம்படுத்தலாம் என்று நாலு பேர் கூடினால், முதல் கூட்டத்திலேயே எழும் கேள்வி "பணத்துக்கு எங்கே போவது?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: இன்று நாம் நடும் செடிக்கு மூன்றாம் வருடம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? இதற்குப் பதில் இல்லாத எந்த வேலையையும் எடுக்க வேண்டாம். கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: எல்லையைச் சின்னதாக வையுங்கள்

ஊர் முழுவதையும் மாற்றக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள் இருக்கும் அளவுக்கு மட்டும் எல்லையை வரையுங்கள். ஒரு தெரு, ஒரு அடுக்குமாடித் தொகுதி, அவ்வளவு போதும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், பாகிஸ்தானின் கராச்சி நகரில் உள்ள ஒராங்கி என்ற ஏழை மக்கள் குடியிருப்பு. 1980-இல் அக்தர் ஹமீது கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே வேலையைத் தொடங்கியபோது, கழிவுநீர் வீட்டு வாசல்களில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பகுதி முழுவதற்கும் ஒரே திட்டம் போடவில்லை. 20 முதல் 40 வீடுகள் வரை உள்ள ஒவ்வொரு சந்தும் தனி அலகு என்று எடுத்துக்கொண்டார். சந்து மக்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்வானவர் வீடுவீடாகப் பணம் திரட்டினார். குழாய் பதிக்கும் வேலையை மக்களே மேற்பார்த்தார்கள். கானின் திட்ட அமைப்பு கொடுத்தது வரைபடமும் கருவிகளும் தொழில்நுட்ப ஆலோசனையும்தான். ஒப்பந்தக்காரர் இல்லை, வடிவமைப்பும் எளிமையானது என்பதால் செலவு வெகுவாகக் குறைந்தது. சொந்தக் காசு போட்டுக் கட்டிய குழாய் அடைத்துக்கொண்டால் யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்வியே அங்கே எழாது.

அங்கே இன்னொரு விஷயமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், அவற்றைச் சேர்க்கும் இடைக் குழாய் ஆகியவை மக்கள் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. எது நம்முடையது, எது அரசுடையது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். தன்னிறைவு என்ற பெயரில் அரசு செய்ய வேண்டியதையும் நம் தலையில் ஏற்றிக்கொண்டால், குழு ஒரே வருடத்தில் களைத்துப்போகும்.

இரண்டாம் படி: குறைகளை விடுங்கள், கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

வழக்கமான கணக்கெடுப்பு "உங்கள் பிரச்சினை என்ன?" என்றுதான் தொடங்கும். பட்டியல் நீளும், கேட்டவருக்கும் சொன்னவருக்கும் மனம் சோர்ந்துவிடும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் கிரெட்ஸ்மேனும் ஜான் மெக்நைட்டும் 1993-இல் இதைத் திருப்பிப் போட்டார்கள்: அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் திறமைகள், சங்கங்கள், இடங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கு என்றார்கள்.

செய்வது எளிது. இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். கேள்விகள் மூன்று போதும். உங்களுக்கு என்ன வேலை நன்றாகத் தெரியும்? அடுத்தவருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்? மற்றவர்களும் சேர்ந்தால் இந்தத் தெருவில் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்? மாலையில் மட்டும் போனால் இரவுப் பணி பார்ப்பவர்கள் விடுபட்டுப்போவார்கள், அதனால் வேறொரு நேரத்திலும் ஒரு சுற்று வாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களைத் தாண்டிப் போகாதீர்கள். எதையும் செய்துதருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்காமல் யாருடைய எண்ணையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள், முதல் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற செவிலியர், மின்வேலை தெரிந்தவர், கணக்கு எழுதுபவர், பூட்டியே கிடக்கும் ஒரு அறை, மாலையில் சும்மா இருக்கும் பள்ளி மைதானம் என்று இந்தப் பட்டியலில் வருவதுதான் உங்கள் உண்மையான முதலீடு.

மூன்றாம் படி: முதல் வேலை

ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும், எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், யாரும் எதிர்க்காததாக இருக்க வேண்டும். கொசுத் தொல்லை உள்ள இடமென்றால் வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டும் சுற்றையே நான் சொல்வேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வரச் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் தவறாமல் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். செலவு ஏறக்குறைய இல்லை. அதைவிடப் பெரிய லாபம், தெருவுக்கு வாராவாரம் சேர்ந்து இயங்கும் பழக்கம் வந்துவிடும். கொசு இல்லாத ஊரென்றால் இருட்டான நடைபாதைக்கு விளக்கு, தனியாக வசிக்கும் முதியவர்களைப் பார்த்துவரும் முறை என்று எடுக்கலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள டட்லி தெருப் பகுதி மக்கள் முதலில் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று, தங்கள் காலி மனைகளில் வெளியாட்கள் குப்பை கொட்டுவதைத் தடுப்பது. 1986-இல் அதற்காகவே ஒரு இயக்கம் நடத்தினார்கள். அதில் கிடைத்த பலத்தில்தான் 1988-இல் அந்த மனைகளைப் பொது நலனுக்காகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றார்கள். குடியிருப்போர் அமைப்பு ஒன்றுக்கு அப்படி ஓர் அதிகாரம் கிடைப்பது அபூர்வம்.

நான்காம் படி: பதிவும் குழுவும்

பதிவு செய்யும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உள்ளூர் வழக்கறிஞரிடமோ ஏற்கெனவே பதிவு செய்த சங்கத்திடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் சேர்ந்து வேலை பார்த்த பிறகு பதிவு செய்தால் போதும் என்பது என் கருத்து. முன்பே செய்தால் பதவிகளுக்குத்தான் ஆள் வருவார்கள்.

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் இங்கே உயிர்நாடி. மீண்டும் டட்லி தெரு: 1984-இல் ஓர் அறக்கட்டளையும் சில நிறுவனங்களும் நல்லெண்ணத்தோடு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தன. கூட்டத்துக்கு வந்த மக்கள், இந்தக் குழுவில் எங்களுக்கு எத்தனை இடம் என்று கேட்டார்கள். பெரும்பான்மை அங்கே வசிப்பவர்களுக்கே என்று திட்டம் மாறியது. அப்பகுதியின் நான்கு முக்கிய இனக்குழுக்களுக்கும் சம அளவு இடம் ஒதுக்கப்பட்டது. உங்கள் துணைவிதிகளிலும் வசிப்பவர்களுக்குப் பெரும்பான்மை, ஒரே பதவியில் அதிகபட்சம் இத்தனை வருடம் என்ற இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது பணம்

விதி ஒன்றுதான். மாதாமாதம் ஆகும் செலவு உள்ளிருந்து வரட்டும். ஒருமுறை மட்டும் ஆகும் செலவுக்கு வெளி நன்கொடை வாங்கலாம். உறுப்பினர் சந்தா, அறை வாடகை, பழுதுபார்க்கும் சேவை போன்றவை முதல் வகைக்கு. நன்கொடையை நம்பிச் சம்பள ஆள் வைத்தால், நன்கொடை நிற்கும் நாளில் வேலையும் நின்றுவிடும்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுக்கட்டும். எட்கர் கான் என்ற அமெரிக்க வழக்கறிஞர் பரப்பிய நேர வங்கி முறையில், ஒருவருக்கு உதவிய நேரத்தைக் கணக்கில் வைத்து, அதே அளவு நேரத்துக்கு வேறொருவரிடம் உதவி பெறலாம்; எவருடைய ஒரு மணி நேரமும் ஒரே மதிப்புதான். மருத்துவருடையதும் தோட்டம் பார்ப்பவருடையதும் சமம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும், செயலி தேவையில்லை.

வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. மாத வரவு செலவு அறிவிப்புப் பலகையில். இதில் சமரசம் வேண்டாம்.

ஆறாம் படி: விதியும் சண்டையும்

சண்டை வரும். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், மக்கள் தாங்களே நிர்வகித்த காடு, மீன்பிடி நீர், பாசன வாய்க்கால்களை ஆராய்ந்து, நெடுங்காலம் நீடித்தவற்றில் சில பொது அம்சங்களைக் கண்டார். விதிக்குக் கட்டுப்படுபவர்களே விதியை உருவாக்குகிறார்கள். மீறுகிறார்களா என்று அவர்களே கண்காணிக்கிறார்கள். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, திரும்பச் செய்தால் கொஞ்சம் பெரியது. தகராறைத் தீர்க்கப் பக்கத்திலேயே, அதிகச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது.

சரி, இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தால்? குப்பையை மாற்றிப் போட்டவரை முதல் நாளே குழுவில் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். ஒருவர் நேரில் போய்ப் பேசட்டும். அப்புறமும் தொடர்ந்தால் எழுத்தில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பலனில்லை என்றால்தான் பொதுக்கூட்டம்.

ஏழாம் படி: உங்கள் இடத்துக்கு வேறு ஆள் தயார் செய்யுங்கள்

ஒவ்வொரு பொறுப்புக்கும் கூடவே ஒரு துணை ஆள் வேண்டும், முதல் வருடத்திலிருந்தே. மாதத்தில் ஒரு முறையாவது அந்த வேலையை அவரே தனியாகச் செய்யட்டும். பொறுப்பு மாறும் நாளில் கைமாற வேண்டியவற்றை இப்போதே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: தீர்மானப் புத்தகம், ரசீதுகள், வங்கிக் கையெழுத்து மாற்றம், அறைச் சாவி, மின்னஞ்சல் கடவுச்சொல், கடைசியாக எல்லோரும் மறந்துவிடும் அந்த வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை.