தூக்கமா, ஓவர்டோஸா? மூச்சைப் பாருங்கள்

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியவர், பிரவுன் சுகர் (கலப்பட ஹெராயின்) எடுத்தவர் யாராக இருந்தாலும், "அசந்து தூங்குறான், விடு" என்ற பேச்சிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. டேப்பென்டடால் வலி மாத்திரை, ஹெராயின் போன்றவை மூச்சை மந்தமாக்கித்தான் ஆளைக் கொல்கின்றன. இதயம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நிற்கும். கையில் இருப்பது அந்த இடைவெளி மட்டுமே.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டுங்கள். அசைவில்லையா? விரல் முட்டியால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள். வெறும் தூக்கம் என்றால் கையைத் தட்டிவிடுவார். அப்போதும் அசையாவிட்டால், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடி பாருங்கள். தொண்டையில் 'கொர் கொர்' சத்தம் வந்தால் அதைக் குறட்டை என்று விட்டுவிடாதீர்கள். நம் நிறத்தில் நீலம் சட்டென்று தெரியாது. உதட்டை விலக்கி உள்பக்கத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கலாம், ஆனால் வேறு எதையாவது கலந்து எடுத்திருந்தால் அது ஏமாற்றும்.

108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். "நினைவில்லை, மூச்சு சரியில்லை" என்பதை முதலில் சொல்லிவிட்டு இடத்தைச் சொல்லுங்கள். காலி மாத்திரை அட்டையை எடுத்து வையுங்கள், மருத்துவருக்கு உதவும்.

மூச்சு மெதுவாகவேனும் இருந்தால்: மல்லாக்கப் படுக்க வைத்து, வாயில் இருப்பதை எடுத்து, நெற்றியில் ஒரு கை வைத்துத் தாடையை உயர்த்துங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள். நெஞ்சு எழும்பவில்லையென்றால் தலை சரியாகச் சாயவில்லை. மூச்சே இல்லை, அல்லது கரையில் போட்ட மீன்போல எப்போதாவது வாயைப் பிளக்கிறார் என்றால், நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு என்று தொடருங்கள்.

மருத்துவர் எழுதித் தந்த நாலாக்சோன் (இந்தப் போதையை முறிக்கும் மருந்து) வீட்டில் இருந்தால் உடனே போடுங்கள். இங்கே அது பெரும்பாலும் ஆம்பூலாகத்தான், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியாகத்தான் கிடைக்கும். 1 மில்லியில் 0.4 மில்லிகிராம். குப்பியின் கழுத்தைத் துணியால் சுற்றி ஒடித்து, மருந்தை உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் செங்குத்தாக ஏற்றுங்கள். துணிக்கு மேலேயே போடலாம். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம், அதன் குட்டை ஊசி தசைவரை இறங்காது. 1 அங்குல ஊசி வேண்டும். ஊதுவதை நிறுத்தாமல் 2–3 நிமிடம் பாருங்கள். மூச்சு சீராகாவிட்டால் இன்னொன்று. எடுத்தது என்னவென்று தெரியாவிட்டாலும் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் சாராயத்தையும் தூக்க மாத்திரையையும் இது முறிக்காது.

விழித்ததும் வாந்தி, நடுக்கம், உங்கள் மேலேயே கோபம் எல்லாம் வரும். திரும்ப எடுக்கத் துடிப்பார், விடாதீர்கள். நாலாக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் வடிந்துவிடும்; உள்ளே இருக்கும் போதை அதைவிட நீளம். அதனால் எழுந்து பேசுபவரும் மறுபடி மயங்கலாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, கூடவே இருங்கள்.

மோர், எலுமிச்சைச் சாறு, உப்புக் கரைசல் எதையும் நினைவில்லாதவர் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். பச்சைத் தண்ணீரைத் தலையில் கொட்டுவது, பிடித்து நடத்துவது எல்லாம் வீண்.

மிக ஆபத்தான நாள், சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த நாள். உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். முன்பு தாங்கிய அளவு இன்று கொல்லும். விட முடியாதவர் அதில் சிறு பங்கோடு நிறுத்தட்டும். குடியோடும், நைட்ரசெபாம், அல்பிரசோலாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளோடும் கலக்கவே வேண்டாம். விட விரும்பினால் 14446 இலவச எண். எடுப்பதானால் தனியாக வேண்டாம், கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டாம்.