ஹம் தேர் பார்த்தாச்சு, இனி எங்கே? ஜேர்மனியின் சின்ன ஊர்களுக்குத் தனியாகப் போய்வரும் வழி

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து ஜேர்மனிக்குப் பிள்ளையிடமோ தம்பியிடமோ போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடம்தான் பார்க்கிறார்கள்: கொலோன் தேவாலயம், பெர்லின், ஹம் நகரின் காமாட்சி அம்மன் கோயில். விசா 90 நாளுக்குக் கிடைத்தாலும் மீதிக் காலம் சோபாவில் கழிகிறது. பிள்ளைக்கு லீவு இல்லை. பிள்ளை கூட வராமலே போய்வரக்கூடிய ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதலில் டிக்கெட். ‘டொய்ச்லாண்ட் டிக்கெட்’ 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. பஸ், டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசிஇ, ஐசி வேக ரயில்களுக்குச் செல்லாது. பணம் பிள்ளையின் வங்கிக் கணக்கிலிருந்து போகலாம், ஆனால் டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். இது மாதச் சந்தா என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாதத்தின் 10ஆம் திகதிக்குள் நிறுத்தாவிட்டால் நீங்கள் ஊருக்கு வந்த பிறகும் அடுத்த மாதக் காசு கழியும்.

தொடங்க நல்ல ஊர் ஸோஸ்ட். பலகையில் உள்ள எழுத்தைக் கூட்டி ‘சோயெஸ்ட்’ என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. Soest என்ற பெயரில் ‘e’ எழுத்துக்கு ஒலி இல்லை, முன்னெழுத்தை நீட்டத்தான் அது. ஹம்மிலிருந்து ஆர்பி 89 உள்ளூர் ரயில், டோட்முண்டிலிருந்து ஆர்பி 59. ஹம் கோயில் தேர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுநாளே கிளம்பத் தோன்றும். திங்களில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் பூட்டு, செவ்வாய் போங்கள்.

ஊரின் பழைய தேவாலயங்கள் பச்சைக் கல்லில் கட்டியவை. மழைக்காலத்துப் பாசி என்று நினைக்க வேண்டாம், அந்த மணற்கல்லில் கலந்திருக்கும் கனிமத்தின் நிறம் அது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகக்கூடிய வீசன்கிர்க்கே தேவாலயத்துக்குள் போய் வடக்கு வாசலுக்கு மேலே பாருங்கள். சுமார் 1500இல் செய்த வண்ணக் கண்ணாடியில் இயேசுவின் கடைசி இராப்போசனம். மேசையில் பன்றித்தலை, பன்றித்தொடை, கறுப்பு ரொட்டி, பியர்! வெஸ்ட்ஃபாலியாக்காரர், அதாவது இந்தப் பகுதி மக்கள், தங்கள் வீட்டுச் சாப்பாட்டையே அப்போஸ்தலருக்குப் பரிமாறியிருக்கிறார்கள். பகல் வெளிச்சம் இல்லாவிட்டால் நிறம் தெரியாது, ஆகவே மத்தியானத்துக்கு முன் போய்விடுங்கள். பிறகு பழைய நகர மதிலைச் சுற்றி நடக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு இன்னும் நிற்கிறது.

அந்தக் கண்ணாடியில் உள்ளதுதான் கடைகளிலும் கிடைக்கும். ஹலால் பார்ப்பவர்கள் துருக்கிக் கடை தேடுங்கள், அங்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ரயிலில் சாப்பிடலாம், பொரித்த மீனை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஆஹன் பக்கம் இருப்பவர்களுக்கு மொன்ஷாவ். ஆற்றங்கரையில் மரச்சட்ட வீடுகள், 1882இலிருந்து ஓடும் கடுகு அரைக்கும் ஆலை. ரயில் கிடையாது, ஆஹனிலிருந்து பஸ்தான்.

கிழக்கு ஜேர்மனியிலுள்ள க்வெட்லின்பேர்க்குக்கு ஒரு நாள் போதாது, இரண்டு இரவு தங்குங்கள். 1994இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஊர். 1,300க்கு மேல் மரச்சட்ட வீடுகள், ஆறு நூற்றாண்டுக்காலம் கட்டியவை. குன்றின் மேலுள்ள தேவாலயத்தில் 936இல் இறந்த முதலாம் ஹைன்ரிஷ் மன்னனின் கல்லறை. அதன் பிறகு ஏறக்குறைய 900 ஆண்டு அந்தத் தேவாலயத்தோடு இருந்த மடத்தைப் பெண்கள்தான் ஆண்டார்கள். தெருவெல்லாம் உருளைக் கல். பாட்டா செருப்பு வழுக்கும், சூட்கேஸ் சில்லு கழன்றுவிடும். முதுகுப்பை போதும்.

அங்கே போக மக்டபேர்க்கில் மாறி, தாலே போகும் ரயிலில் ஏற வேண்டும். மக்டபேர்க் வரை வேக ரயிலில் மலிவு டிக்கெட் எடுத்தால் அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். நீங்கள் பிந்தினால் காசு போச்சு. ரயில் பிந்தி, இறங்கும் இடத்துக்கு 20 நிமிடமாவது தாமதம் என்று தெரிந்தால் அடுத்த ரயிலில் ஏறலாம். திரும்பும்போது பெட்டியின் பலகையைப் பார்த்து ஏறுங்கள்: பெர்லினிலிருந்து வரும் பல ஐசிஇ ரயில்கள் ஹம்மில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி எஸ்ஸன் பக்கம், மறுபாதி வூப்பர்டால் பக்கம். தூங்கிவிட்டால் வேறு ஊரில்தான் கண் விழிப்பீர்கள்.

கிழக்குக் கோடியில் கேர்லிட்ஸ், ட்ரெஸ்டனில் உறவினர் இருந்தால் மட்டும். 2004இல் மறுபடி கட்டிய நடைபாலத்தால் ஆற்றைக் கடந்தால் போலந்து. கல்லடிப் பாலத்தைவிடக் குட்டி. விசா இரண்டு பக்கமும் செல்லும், ஆனால் சோதனை இருக்கலாம். போனில் எடுத்த படத்தைக் காட்டாமல் கடவுச்சீட்டையே கொண்டு போங்கள்.

ஞாயிறுகளில் கடைகள் பூட்டு என்பதால் தண்ணீரும் சாப்பாடும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஸ்டேஷன் கழிப்பறைக்குச் சில்லறை யூரோ வேண்டும். சின்ன ஊர்களில் பஸ் நேரத்தோடு நின்றுவிடும். இறங்கியவுடன் முதல் வேலையாகத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பலகையில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.