பட் சீ யூ: இறைச்சியைக் கூட்டுங்கள், சாஸைக் குறையுங்கள்

அகலமான அரிசி நூடுல்ஸுடன் கோழி அல்லது பன்றி இறைச்சி, முட்டை, கைலான் கீரை ஆகியவற்றைச் சேர்த்து, கரிய சோயா சாஸ் ஊற்றி அதிகத் தீயில் வதக்கித் தரப்படும் தாய்லாந்தின் பட் சீ யூ ஒரு முழுமையான உணவாகத் தோன்றினாலும், அதன் சத்து எதை எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வெகுவாக மாறுகிறது. உலர் அரிசி நூடுல்ஸை வேகவைத்தபின், அதன் 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் மாவுச்சத்து இருக்க, புரதம் 2 கிராமைக்கூட எட்டுவதில்லை. அதே எடையுள்ள, தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறியிலோ சுமார் 30 கிராம் புரதம் உண்டு. ஆகவே நூடுல்ஸைக் குறைத்து இறைச்சியையும் கீரையையும் கூடுதலாகக் கேட்பது நல்லது. வாணலியில் சேரும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எண்ணெயும் 120 கலோரியைக் கூட்டும்.

கலோரியைவிட உப்பே இதில் பெரிய சிக்கல் என்பது என் கருத்து. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் மட்டும் சுமார் 900 மில்லிகிராமும், அதே அளவு மீன் சாஸில் சுமார் 1,400 மில்லிகிராமும் சோடியம் இருக்கிறது. இந்த உணவில் வழக்கமாகச் சேர்க்கப்படும் சிப்பி சாஸின் சோடியம் தனி. தாய்லாந்துக் கடைகளின் மேசைகளில் சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ் ஆகிய நான்கும் வைக்கப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், சுவை போதவில்லை என்றால் மீன் சாஸையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு வினிகரையும் மிளகாய்த்தூளையும் சேர்த்துக்கொள்ளலாம்.