லினக்ஸுக்கு மாறும்போது நான் விழுந்த குழிகள், நீங்கள் விழ வேண்டாம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "இதில் லினக்ஸ் போட்டுத் தர முடியுமா" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். போட்டுத் தருவது சின்ன வேலைதான். அப்புறம் அவர்கள் தடுக்கி விழும் இடங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றும் நான் விழுந்து எழுந்த இடம். பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விடுகிறேன்.

ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் அணைந்துவிட்டது என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. விண்டோஸ் 8இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக, ஷட் டவுன் கொடுக்கும்போது கெர்னலின் (விண்டோஸின் உட்கருவின்) நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் போய்விடுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அந்தத் தூக்கத்துக்குள்ளேயே கிடக்கும். ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர் லினக்ஸுக்குள் வந்து டி டிரைவைத் தொட்டால், படிக்க மட்டும் விடும், இல்லையென்றால் திறக்கவே மறுக்கும்.

நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் இப்படித்தான் மறுத்தது. மெட்டாடேட்டா (அந்தக் கோப்புக் கணக்கு) விண்டோஸின் கேஷில் இருக்கிறது, அதனால் மவுண்ட் செய்ய (டிரைவைத் திறக்க) முடியாது என்று காரணத்தோடு செய்தி வந்தது. நான் அதை நின்று படிக்கவில்லை. விண்டோஸ் டிரைவின் கோளாறைச் சரிசெய்ய என்று இணையத்தில் கிடைத்த என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையை ஓட்டினேன், டிரைவ் திறந்துகொண்டது, அவர் குடும்பப் படங்களை ஆண்டுவாரியாகப் புது ஃபோல்டர்களுக்கு நகர்த்தினார். மறுநாள் விண்டோஸ் தூக்கத்திலிருந்து எழுந்து, பழைய கணக்கை வைத்துக்கொண்டே அதே டிரைவில் எழுத ஆரம்பித்தது. புது ஃபோல்டர்களைக் காணோம். விண்டோஸின் வட்டுச் சோதனையான செக்டிஸ்க் ஓடி முடித்தபோது ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் பெயர் போன .சிஎச்கே கோப்புகளாகச் சில படங்கள் மட்டும் மிஞ்சின. "லினக்ஸ் என் படத்தையெல்லாம் அழித்துவிட்டது" என்றார். அவர் திரும்ப லினக்ஸ் பக்கம் வரவே இல்லை.

லினக்ஸ் போடுவதற்கு முன்பே கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் வாருங்கள். ரீஸ்டார்ட் விண்டோஸை முழுசாகவே மூடும். ஹைபர்னேட் செய்துவிட்டு மட்டும் வராதீர்கள்.

பிட்லாக்கரைக் கவனிக்காமல் விடுவது

பிட்லாக்கர் என்பது விண்டோஸ் வட்டைப் பூட்டி வைக்கும் வசதி. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸை மாற்றினால் அது மீட்புச் சாவியைக் கேட்கலாம், அதனால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்த பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

சாதாரணப் பயனர் பயன்படுத்துவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அல்ல, அதன் மேல் ஓடும் செயலிகளைத்தான். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ், தண்டர்பேர்ட், விஎல்சி எல்லாமே விண்டோஸிலும் ஓடும். ஒரு மாதம் அங்கேயே பழகட்டும். லிப்ரேஆபிஸில் அவருடைய பழைய வேர்ட் கோப்புகளைத் திறந்து, அட்டவணையும் பக்க அளவும் கலைகிறதா என்று அவரே பார்க்கட்டும். கலைந்தால் அது இப்போதே தெரிவது நல்லது. பிறகு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் சின்னமன் போட்டுக் கொடுத்தால், தெரிந்த முகங்கள் அதே இடத்தில் இருக்கும், மெனு கூட இடது மூலையில்தான்.

.எக்ஸ்இ கோப்பைத் தேடி அலைவது

.எக்ஸ்இ விண்டோஸுக்கான கோப்பு. செயலி வேண்டுமென்றால் மின்ட்டில் இருக்கும் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறங்கள்.

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று இருந்துவிடுவது

அப்டேட் செய்து சிஸ்டம் கெட்டுப்போனால் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் டைம்ஷிஃப்ட். ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் கோப்புகளை அது இயல்பாகச் சேர்க்காது. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும்.