மார்கழியில் கலியாணம் இல்லை, பூநாரை உண்டு

கனடாவில் இருக்கும் மச்சான் ஒவ்வொரு ஐப்பசியும் சிவந்த மேப்பிள் காட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். மலை, ஏரி, கரையில் ஒரு மான். கீழே ஒரு வரி: "உங்கடை பக்கம் இலை சிவக்காதே." சிவக்காதுதான். யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, கீரிமலைக்குப் பெயரில் மட்டும்தான் மலை. ஆனால் அவனுக்கு இலை சிவக்கிற அதே நாட்களில், வடக்கே குளிர் தாங்காத பறவைகள் எங்கள் பரவைக் கடலில், அந்த ஆழமில்லாத களப்பில், வந்து இறங்கத் தொடங்கும். ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, கருவால் மூக்கன். திபெத், லடாக் மேட்டுநிலங்களில் முட்டையிடும் பழுப்புத்தலைக் கடற்காகம் பண்ணைப் பாலத்தடியில் மீன் கழிவுக்குச் சண்டை பிடிக்கும்.

நான் கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கிற ஆள். மார்கழியில் யாரும் கலியாணம் வைப்பதில்லை. கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டுவதை விட, ஞாயிறு விடியப்புறம் நாலு பேராகப் பறவைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவோம். நான், கடையில் வேலை செய்யும் தம்பி, பக்கத்து ஒழுங்கை ரீச்சர், வங்கியில் வேலை செய்யும் ஒரு மருமகன். இப்படிப் போய், பிழைவிட்டுப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலு பேருக்கு மேல் வேண்டாம். காரணம் கார்தான். பரவைக் கடலோரம் ஒளிந்திருக்க ஒரு பற்றையும் இல்லை, ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் வரும் ஆளைப் பறவை கண்டுவிடும். ஆனால் தெருவோரம் நிற்கும் காரையோ ஓட்டோவையோ அது கணக்கெடுப்பதில்லை, தினமும் பார்த்துப் பழகிவிட்டது. ஆகவே கார்தான் உங்கள் மறைவிடம். நாவாந்துறையில் இருந்து கல்லுண்டாய் வெளியால் அராலிக்குப் போகும்போது கடல் இடது கைப்பக்கம் இருக்கும். அப்போது முன் இருக்கைக்காரருக்கும் பின் இடது ஜன்னல்காரருக்கும்தான் படம். மற்ற இரண்டு பேரும் தேத்தண்ணியை ஊற்றிக் குடித்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது கடல் வலப்பக்கம் வந்துவிடும், அப்போது சாரதிக்கும் அவருக்குப் பின்னால் இருப்பவருக்கும் முறை. இதைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஆளுக்குப் போகும்போதும் ஜன்னல் இல்லை, வரும்போதும் இல்லை. வீடு திரும்பும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்.

காரை நிறுத்தியதும் எஞ்சினை அணையுங்கள், அதன் நடுக்கம் நீள லென்ஸில் அப்படியே தெரியும். கண்ணாடியை முழுவதும் இறக்கி, கதவு விளிம்பில் ஒரு பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் முக்காலி வேண்டியதில்லை. என்னுடைய பை பழைய சாரத்தில் தைத்தது, உள்ளே முக்கால் பங்கு நெல். அரிசி போடாதீர்கள், வண்டு வரும். முழுக்கவும் நிரப்பாதீர்கள், லென்ஸ் அதற்குள் சற்றுப் பதிய இடம் வேண்டும்.

கதவை மட்டும் திறக்க வேண்டாம். முதல் வருடம் இந்த விஷயம் எனக்குத் தெரியாது. ஆனையிறவுப் பக்கம் பூநாரைக் கூட்டம் ஒன்று தெருவில் இருந்து நல்ல கிட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றுநீரை வடித்து வடித்துத் தின்னும். கூட்டமாகத் தின்னும்போது பந்தியில் பாயசம் உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு நான் ஃபோகஸ் பார்க்கிறேன், தம்பி நல்ல கோணம் வேண்டுமென்று இறங்கிக் கதவைப் பட்டென்று சாத்தினான். அவ்வளவுதான். எழும்பின கூட்டம் சுண்டிக்குளம் பக்கம் போய்ப் புள்ளியாகிவிட்டது. அன்று எனக்குக் கிடைத்த படம் ஒன்றே ஒன்று, தம்பியின் முதுகு.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பேரும் ஒரே வரிசையில், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பரந்து நடந்தால் பறவைக்கு அது வளைத்துப் பிடிக்க வருவது போல இருக்கும். நேரே அதை நோக்கியும் நடக்காதீர்கள், சாய்வாக, வேறு எங்கேயோ போகிறவர் போல நடக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு தரம் நின்று பாருங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்தபடி இருந்தால் சரி. எல்லாத் தலையும் நிமிர்ந்து, கூட்டம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். அந்த இடத்திலேயே குந்துங்கள், பின்வாங்கினாலும் பிழையில்லை. கால் மணித்தியாலம் அசையாமல் இருந்தால் பல தடவை அவை தாமாகவே மேய்ந்துகொண்டு திரும்பி வந்திருக்கின்றன. கும்பலில் ஒருவருக்குப் பொறுமை இல்லாவிட்டால் நாலு பேருக்கும் படம் இல்லை. அப்படிப்பட்டவரிடம் பிளாஸ்கைக் கொடுத்துக் காரிலேயே இருத்திவிடுவது நல்லது.

இனிக் காற்று. கமராக் கடையில் இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், வல்லை வெளியில் தொப்பியைப் பறிகொடுத்துத்தான் படித்தேன். பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிராக. தென்மேற்கில் இருந்து வரும் சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கினால் காற்று வடகிழக்கில் இருந்து வரும், ஆகவே பறவையின் முகமும் வடகிழக்கைப் பார்த்திருக்கும். மார்கழியில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே சாய்ந்து உதிக்கும். கல்லுண்டாயில் காலையில் வெயில் உங்கள் முதுகில் விழ, நீங்கள் மேற்கே கடலைப் பார்த்து நிற்பீர்கள். அப்போது இறங்கும் பறவையின் பக்கவாட்டு முழுவதும் தெரியும், கண்ணிலும் வெளிச்சப் புள்ளி விழும். இதையே பின்னேரம் வெயில் முதுகில் விழ நின்று எடுத்துப் பாருங்கள், முழுக்க வால்தான். நான் இரண்டு மார்கழி பின்னேரங்களிலேயே போய், எல்லாப் பறவையும் ஏன் எனக்கு முதுகு காட்டுகிறது என்று யோசித்திருக்கிறேன். பின்னேரத்தைக் காட்சிக்கும் நிழலுருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி நடுப்பகுதியில் சூரியன் உதிக்க 6.15 தாண்டும், ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும். 5.45க்கு இடத்தில் நில்லுங்கள். பூநாரையின் அந்த இளஞ்சிவப்பு எட்டு, எட்டரை வரைதான் படத்தில் நிற்கும், பிறகு வெயில் ஏறி வெள்ளைக் கோழி மாதிரி ஆகிவிடும். அந்த நிறம் பிறவியில் வந்ததும் இல்லை. தின்னும் பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் உள்ள நிறப்பொருளால் வருவது. இளம் பறவை சாம்பல் நிறமாக இருக்கும், அதைப் பார்த்து வேறு பறவை என்று மருமகன் ஒரு வருடம் முழுவதும் என்னோடு வாதாடினான்.

கமராவில் என்ன வைப்பது? பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 விநாடி, கூட்டமாக இருந்தால் முன்னும் பின்னும் தெளிவாக விழ லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வைக் கமராவே பார்த்துக்கொள்ள விட்டு உச்சவரம்பை மட்டும் 3200இல் நிறுத்துங்கள். கண்டல் பற்றையின் கரும்பச்சைக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது பாதியாக, குறைக்க வேண்டும், இல்லையென்றால் சிறகு விபூதி பூசியது போல வெளுத்துவிடும். வெளிறிய வானத்துக்கு முன்னால் பறந்தால் மாறாக ஒரு ஸ்டொப் கூட்ட வேண்டும். கலியாணப் படமும் இதே கணக்குத்தான், மாப்பிள்ளையின் வேட்டியும் பின்திரையும். லென்ஸ் 300 மில்லிமீற்றர் இருந்தால் தொடங்கலாம். 600 இருந்தால் நல்லது, ஆனால் அதன் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்வார்கள்.

ரீச்சரிடம் போன் மட்டும்தான். எங்கள் நாலு பேரில் காட்சிப் படம் நன்றாக வருவது அவருக்குத்தான், பறவையைத் துரத்தாததால். தட்டை நிலத்தில் படமெடுக்கும்போது வரும் பெரிய தொல்லை, படத்துக்குள் நிமிர்ந்து நிற்க ஒன்றும் இருக்காது. அவர் முதலில் நிமிர்ந்த ஒன்றைத் தேடுவார். ஒற்றைப் பனை, மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கண்டித் தடி, கரைக்கு இழுத்து விட்ட வள்ளத்தின் அணியம். பிறகு போனைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பிடிப்பார். அந்த உயரத்தில் நாலடி அகலச் சேற்றுக்குட்டையும் கடல் போல விரிந்து, முழுப் பனங்கூடலும் அதில் தலைகீழாக விழும். வானத்துக்குப் படத்தின் முக்கால் பங்கு கொடுங்கள். மார்கழியில் மழை தூரத்தில் ஒரு திரை போல இறங்கி வருவது இங்கே முழுதாகத் தெரியும், மலைநாட்டில் இது கிடைக்காது. திரை உங்களை வந்தடைய முன் சில நிமிடம் இருக்கும். பொலித்தீன் பை சட்டைப்பையில் இருக்கட்டும், காரின் டிக்கியில் வேண்டாம்.

சுரி என்கிற புதைசேற்றைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சரசாலை குருவிக்காட்டுக் கண்டல் ஓரத்தில் ஒருநாள் கரண்டிவாயன் ஒன்றுக்காகக் கால் வைக்கப் போனேன். தூண்டிலோடு வந்த ஒரு ஐயா சத்தம் போட்டார்: "தம்பி, உதுக்குள்ளை இறங்காதேங்கோ, சுரி. எருமையே தாண்டது." மேலே காய்ந்து வெடித்த தரை போலத்தான் தெரிந்தது. தடியை ஊன்றிக் காட்டினார், முழங்கைக்கு மேல் போனது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் முதலில் கடற்தொழிலாளர் ஒருவரைத் தேடிப் பேச்சுக் கொடுப்பேன். எந்த இடம் கெட்டி, நேற்று எங்கே பறவை மேய்ந்தது, தண்ணீர் எப்போது வற்றும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய வலையடிக்குப் போகும் முன்பும் கேளுங்கள், ஒரு பத்து நிமிடம் பொறுத்தால் அவர்களே கூட்டிக்கொண்டு போவார்கள்.

வேறு இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. பறவை அதிகம், தெரு மோசம், உள்ளே போகும் விதிகளை வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் பழகிய தடத்தை விட்டு ஓரடியும் விலகாதீர்கள். முகாம், காவலரண் பக்கம் நீள லென்ஸைத் திருப்பவே வேண்டாம், விளக்கம் சொல்லி முடிய வெயில் ஏறிவிடும். ட்ரோனுக்கு அனுமதி தேவை, அனுமதி இருந்தாலும் பறவைக்கு மேலே விடாதீர்கள். நெடுந்தீவுக் குதிரைகளை மாசிக்கு ஒதுக்கி வையுங்கள், மார்கழியில் குறிகாட்டுவானில் படகு ஓடுமா இல்லையா என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும்.

பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிகிறவர்களையும் ஹோர்ன் அடிக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். மடித்த சிறகுக்குள் இருக்கும் அந்தச் செம்மையும் கருமையும் பறந்தால்தான் தெரியும், ஆசை விளங்குகிறது. ஆனால் தின்ன வந்ததைத் தின்ன விடாமல் எழுப்புவது பந்தியில் இருந்தவரைக் கையைப் பிடித்து எழுப்புவது போலத்தான். பொறுத்திருங்கள். ஒரு பருந்து மேலே வட்டமிட்டாலே வாத்துக் கூட்டம் முழுவதும் எழும்பும், பூநாரையும் மேய்ச்சல் இடம் மாற்ற ஒரு தரமாவது பறக்கும். எழும்ப முன் தண்ணீரின் மேல் பல அடி ஓடும். அந்த ஓட்டத்தில் விரலை அழுத்துங்கள், பறந்த பிறகு அழுத்தினால் பிந்திவிடும்.

வெளியே போக முடியாத மழைநாள் என்றால் வேலியோரம் போதும். கார்த்திகைப் பூ பச்சை மஞ்சளாக விரிந்து, மஞ்சளும் சிவப்புமாகி, முழுச் சிவப்பில் முடியும். ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் பிடிக்கலாம், மச்சானின் மேப்பிளுக்கு இதுதான் என் பதில். மப்பு வானத்தில் எடுங்கள், வெயிலில் சிவப்பு பொரிந்துவிடும். கிழங்கு கடும் நஞ்சு, பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பின்வளவு இலைச்சருகில் ஆறுமணிக் குருவி நிற்கலாம். இமயமலை அடிவாரத்தில் இருந்து ஐப்பசியளவில் களைத்து வந்து சேரும், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடும். ஃபிளாஷ் போடாமல், கிணற்றுக் கட்டில் சாய்ந்து, ஷட்டரை 1/60 வரை இறக்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கமராவைக் குளிரூட்டிய அறைக்குள் கொண்டு போகாதீர்கள், மறுநாள் வெளியே எடுக்கும்போது லென்ஸ் புகை படிந்தாற்போல ஆகும். உப்புக்காற்றுப் பட்ட கமராவின் உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு தரம். பற்றரி மூடியின் விளிம்பை மறக்க வேண்டாம், என் பழைய கமரா துருப்பிடித்தது அங்கேதான். பறவைகள் பங்குனி வரை நிற்கும். தை பிறந்தால் எனக்குக் கலியாணங்கள் தொடங்கிவிடும், அதற்குள் இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. காரில் ஒரு ஜன்னல் காலி, தம்பிக்குக் காய்ச்சல்.